சியோலில் போஸ்ஸாம் எங்கே சாப்பிடலாம்?

டிசம்பரில் அலுவலக வேலையாகச் சியோல் செல்வதாகவும், வேகவைத்த பன்றி இறைச்சியைக் கிம்ச்சியோடு இலையில் மடித்து உண்ணும் போஸ்ஸாமை நல்ல கடையில் சாப்பிட விரும்புவதாகவும், ஒரு நாள் மாலை நண்பர்களுடனும் இன்னொரு நாள் மதியம் தனியாகவும் நேரம் கிடைக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மாலைக்கு ஜோங்னோ 3-கா நிலையத்தை ஒட்டிய சிப்பி போஸ்ஸாம் சந்துக்குச் செல்லுங்கள். மதியத்துக்கு உல்ஜிரோ 4-கா நிலையத்துக்கு அருகே உள்ள பாங்சான் சந்தைக்குச் செல்லுங்கள். கேள்விக்கு நேரான பதில் இவ்வளவுதான். ஆனால் நீங்கள் போகும் நாளில் கடை மூடியிருக்கலாம், வாசலில் நீண்ட வரிசை நிற்கலாம். அப்போது பக்கத்துக் கடை நல்லதா என்று நீங்களே முடிவு செய்ய வேண்டியிருக்கும் என்பதால், இந்த உணவில் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

போஸ்ஸாமுக்குப் பெயர்பெற்ற கடைகளில் இறைச்சியின் தரத்தில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. பெரும்பாலும் மூன்று பகுதிகளில் ஒன்றைத்தான் பயன்படுத்துகிறார்கள்: கொழுப்பும் கறியும் அடுக்கடுக்காக அமைந்த வயிற்றுப் பகுதி, கொழுப்பு அளவாக உள்ள கழுத்துப் பகுதி, கறி மிகுந்த முன்னங்கால் பகுதி. தொயென்ஜாங் என்னும் சோயா விழுது, இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள் ஆகியவற்றைப் போட்ட நீரில் பெருந்துண்டுகளாகவே வேகவிடுகிறார்கள். வாடை போவதற்காகப் பிரிஞ்சி இலையோ சிறிதளவு காப்பித்தூளோ சேர்ப்பவர்களும் உண்டு. மசாலாவில் ஊறவைப்பதும் இல்லை, வெந்தபின் தாளிப்பதும் இல்லை. ஆகவே இறைச்சி நன்றாக இருக்கிறதா என்பதைத் தீர்மானிப்பது அது எப்போது வெந்தது, எப்போது வெட்டப்பட்டது என்னும் இரண்டும்தான். கொதிநீரிலிருந்து எடுத்துச் சிறிது ஆறவிட்டு உடனே வெட்டிய துண்டில் கொழுப்பு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவ நிற்கும், கறியின் வெட்டுமுகம் ஈரமாக மின்னும். வெட்டி நெடுநேரமான துண்டிலோ கொழுப்பு வெளுத்து உறைந்திருக்கும், கறியின் ஓரம் காய்ந்து கருத்திருக்கும். தட்டு மேசைக்கு வந்ததும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

அதனால் நேரம் முக்கியம். மதியக் கூட்டத்துக்கும் மாலைக் கூட்டத்துக்கும் தனித்தனியாக வேகவைக்கும் கடைகளில் முற்பகல் 11:30 மணியை ஒட்டியோ மாலை 5:30 மணியை ஒட்டியோ உட்கார்ந்தால் இறைச்சி சிறந்த நிலையில் கிடைக்கும். பிற்பகல் 3 மணிக்குமேல் பல உணவகங்கள் ஓய்வுக்காக மூடிவிடுகின்றன. மூடாமல் இருக்கும் கடையிலும் அந்த நேரத்தில் கிடைப்பது காலையில் வெந்ததாகவே இருக்கும்.

கடைக்குக் கடை உண்மையான வேறுபாடு கிம்ச்சியில்தான் இருக்கிறது. போஸ்ஸாமோடு வருவது நாம் கொரிய உணவகங்களில் வழக்கமாகக் காணும் புளித்த கிம்ச்சி அன்று. உப்பில் ஊறி வளைந்துகொடுக்கும் சீன முட்டைக்கோசு இலைகள் ஒருபுறம். குச்சிகுச்சியாகச் சீவி, உப்பிட்டுப் பிழிந்து, மிளகாய்த்தூளும் பூண்டும் சேர்த்துப் பிசைந்த முள்ளங்கி மறுபுறம். முள்ளங்கியில் சில கடைகள் பேரிக்காயும் வேறு சில செஸ்ட்நட்டும் சேர்க்கின்றன. அது புளிப்பாக இருக்கக் கூடாது. காரமும் மெல்லிய இனிப்பும் நறுக்கென்று கடிபடும் தன்மையும் இருக்க வேண்டும். கொழுப்பு மிகுந்த, காரமே இல்லாத இறைச்சிக்கு ஈடுகொடுப்பது இந்த முள்ளங்கிதான். இதைச் சரியாகச் செய்யாத கடையில் இறைச்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும் நாலாவது வாயில் திகட்டிவிடும். கிம்ச்சி நன்றாக இருக்கும் கடையில் சற்றே ஆறிய இறைச்சியையும் தட்டு காலியாகும்வரை சாப்பிடலாம் என்பதே என் அனுபவம்.

இதற்குப் பின்னால் ஒரு வீட்டு வழக்கம் இருக்கிறது. நவம்பர் இறுதியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் கொரியக் குடும்பங்கள் ஒன்றுகூடிக் குளிர்காலம் முழுமைக்குமான கிம்ச்சியைப் போடுகின்றன. கிம்ஜாங் எனப்படும் இந்த வழக்கத்தை யுனெஸ்கோ 2013-இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாள் முழுவதும் குனிந்து முட்டைக்கோசு இலைகளுக்கிடையே காரக் கலவையைத் திணித்தவர்களுக்கு அன்று மாலை பரிமாறப்படுவது, அப்போதுதான் வெந்த பன்றி இறைச்சியும் மீந்த கலவையும் சில இளம் இலைகளும். நகரத்து உணவகங்கள் ஆண்டு முழுவதும் விற்பது இந்த வேலை நாள் உணவைத்தான். டிசம்பரில் செல்லும் உங்களுக்கு அதன் சொந்தப் பருவமே வாய்த்திருக்கிறது. முட்டைக்கோசும் முள்ளங்கியும் இனிப்பேறி இருக்கும் காலம் அது. தென்கடற்கரையின் தோங்யோங் பகுதியிலிருந்து சிப்பிகள் சியோலுக்கு வந்து குவிவதும் அப்போதுதான்.

இனி ஜோங்னோவுக்கு வருகிறேன். சுரங்க ரயிலின் 1, 3, 5 ஆகிய மூன்று தடங்களும் சந்திக்கும் ஜோங்னோ 3-கா நிலையத்தில் 15-ஆம் வாயில் வழியாக மேலே வாருங்கள். ஜோங்னோ பெருஞ்சாலைக்கும் சோங்கேசோன் ஓடைக்கும் இடைப்பட்ட பகுதியில், 2021-இல் மூடப்பட்ட சியோல் திரையரங்கு இருந்த இடத்துக்குப் பின்புறம், இரண்டு ஆட்கள் தோளுரச நடக்கும் அளவுக்கு ஒடுங்கிய சந்தில் போஸ்ஸாம் கடைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. சாம்ஹேஜிப் என்பது அவற்றில் அதிகம் பேசப்படும் பெயர். குளிர்கால மாலைகளில் வரிசையும் அங்கேதான் நீளும். அருகிலுள்ள மற்றக் கடைகளும் ஏறத்தாழ அதே பட்டியலை, அதே விலையை ஒட்டித்தான் வைத்திருக்கின்றன. சாம்ஹேஜிப்பில் ஒரு மணி நேரம் குளிரில் நிற்க வேண்டியிருந்தால் நிற்காதீர்கள். பக்கத்துக் கடைக்குள் எட்டிப் பார்த்து, உள்ளூர் மக்கள் நிறைந்திருக்கும் மேசைகளில் முள்ளங்கி சிவந்து ஈரமாகவும் சிப்பிகள் உருக்குலையாமல் தனித்தனியாகவும் இருந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். இந்தச் சந்துக் கடைகளைப் பொறுத்தவரை கடையின் பெயரைவிடச் சென்ற நாளும் நேரமும்தான் பெரிது.

அங்கே கேட்க வேண்டியது சிப்பி போஸ்ஸாம், கொரிய மொழியில் குல் போஸ்ஸாம். இரண்டு மூன்று பேருக்குச் சிறிய தட்டு போதும். உட்கார்ந்து சிறிது நேரத்தில், பெரும்பாலான கடைகளில், காம்ஜாதாங் எனப்படும் பன்றி முதுகெலும்புச் சூப்பு ஒரு சட்டியில் அடுப்போடு மேசைக்கு வந்துவிடும். நாம் கேட்காததைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று திருப்பி அனுப்ப வேண்டாம். போஸ்ஸாம் வாங்குபவர்களுக்கு விலையில்லாமல் தருவது இந்தச் சந்தின் வழக்கம். பிறகு பெருந்தட்டு வரும். ஒரு பக்கம் விரல் கனத்தில் வெட்டிய இறைச்சி வரிசையாகச் சாய்த்து அடுக்கப்பட்டிருக்கும். அடுத்து உப்பில் ஊறிய வெளிர்மஞ்சள் முட்டைக்கோசு இலைகள். அதற்கடுத்து மிளகாய்ச் சிவப்பில் முள்ளங்கிக் குவியல். அதன்மேலோ பக்கத்திலோ கருநிற விளிம்பு கொண்ட சாம்பல்வெள்ளைச் சிப்பிகள், சமைக்கப்படாமல். சிறு கிண்ணங்களில் சேவுஜோத் என்னும் உப்பில் பதமான பொடி இறால், ஸ்ஸாம்ஜாங் என்னும் காரச் சோயா விழுது, பச்சைப் பூண்டுச் சில்லுகள், பச்சை மிளகாய்.

மடிப்பதற்கு ஒரு முறை உண்டு; அதைப் பின்பற்றினால் சுவை நன்றாக அமைகிறது. உள்ளங்கையில் முட்டைக்கோசு இலையை விரித்து, அதன் தண்டுப் பகுதி பெரிதாக இருந்தால் கிள்ளி எறிந்துவிடுங்கள். இறைச்சித் துண்டின் ஒரு முனையைச் சேவுஜோத்தில் தொட்டு, ஒன்றிரண்டு இறால்கள் ஒட்டியிருக்க இலையில் வையுங்கள். அதன்மேல் முள்ளங்கி ஒரு சிட்டிகை, ஒரு சிப்பி, விரும்பினால் பூண்டுச் சில்லு ஒன்று. சேவுஜோத் வைத்த மடிப்பில் ஸ்ஸாம்ஜாங் சேர்க்க வேண்டாம்; இரண்டும் உப்பு மிகுந்தவை, சேர்ந்தால் கறியின் இனிப்பு தெரியாமல் போகும். நாலா பக்கமும் மடித்து ஒரே வாயாகப் போட்டுக்கொள்ள வேண்டும். பாதி கடித்தால் மீதி கையில் சிதறிவிடும் என்பதோடு, காரமும் உப்பும் கொழுப்பும் சிப்பியின் கடல்மணமும் ஒரே நேரத்தில் வாயில் சேர்வதுதான் இந்த உணவின் முழுச் சுவை. முதல் துண்டை மட்டும் எதுவும் சேர்க்காமல் சேவுஜோத்தில் தொட்டுத் தின்று பார்ப்பது நல்லது. அன்றைய இறைச்சி எப்படி என்று அப்போது தெரிந்துவிடும். சேவுஜோத்திலும் தரவேறுபாடு உண்டு. சந்திரமாத முறைப்படி ஆறாம் மாதத்தில் பிடித்த, சதைப்பற்றுள்ள இறாலில் போட்டதுதான் உயர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது. கிண்ணத்தில் இறால்கள் கூழாகக் குழைந்திருக்காமல் வெளிர்சிவப்பாகத் தனித்தனியே தெரிந்தால், அந்தக் கடைக்காரர் சின்னச் செலவிலும் குறை வைக்காதவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மதியத்துக்குச் சொன்ன பாங்சான் சந்தை வேறு வகையான இடம். பொட்டலத் தாள்கள், சுவர்த்தாள்கள், ரொட்டிக்கடைச் சாமான்கள் ஆகியவற்றின் மொத்த வியாபாரம் நடக்கும் அந்தச் சந்தையின் உள்வழியில் ஜாங்சு போஸ்ஸாம் என்னும் பழைய சிறு கடை இருக்கிறது. தனியாகச் செல்பவருக்கு நான் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போஸ்ஸாம் என்பது அடிப்படையில் பலர் சேர்ந்து உண்ணும் தட்டு; மாலைக் கடைகளில் ஓராள் போய் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கான தட்டை வாங்க வேண்டியிருக்கும், சில இடங்களில் தனியாளை ஏற்பதே இல்லை. மதிய வேளையிலோ சில கடைகள் போஸ்ஸாம் ஜோங்சிக் என்ற பெயரில் ஓராளுக்கான இறைச்சி, கிம்ச்சி, இலைகள், சோறு, சூப்பு எல்லாவற்றையும் சேர்த்துத் தருகின்றன. சந்தைத் தொழிலாளர்களும் சுற்றுவட்டார அலுவலர்களும் பசிக்குச் சாப்பிடும் சாப்பாடு இது. அலங்காரம் ஏதுமில்லை, எடுத்த வேகத்தில் இறைச்சி தீர்ந்துகொண்டிருப்பதால் உங்களுக்கு வருவது எப்போதும் புதிதாக வெட்டியதாகவே இருக்கும். பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் சந்தைப் பகுதிக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

இந்த இரண்டையும் தாண்டி ஒரு வேளை கிடைக்குமானால், பெயர்ப்பலகையில் போஸ்ஸாம் என்றே எழுதாத ஒரு வகைக் கடையைப் பரிந்துரைப்பேன். பியோங்யாங் பாணியில் குளிர்ந்த நூடுல்ஸ், அதாவது பக்வீட் என்னும் தானிய மாவில் செய்த நேங்மியோன், விற்கும் பழைய கடைகள் அவை. கொரியப் போரையொட்டி வடக்கிலிருந்து தெற்கே வந்த குடும்பங்கள் வளர்த்த சமையல் மரபு இது. சுங்முரோ பக்கத்திலுள்ள பில்தோங் மியோனொக்கும், 1985-இல் தொடங்கி, மறுசீரமைப்புக்காகப் பழைய கட்டடத்தை 2022-இல் காலிசெய்து, 2024-இல் ஜோங்னோவின் நக்வோன்-தோங்கில் மீண்டும் திறந்த உல்ஜி மியோனொக்கும் ஒரே குடும்பத்தின் சகோதரிகள் நடத்திவந்த கடைகள். இந்தக் கடைகளில் பன்றி இறைச்சியை வேகவைத்து, நன்றாக ஆறவிட்டு, மெல்லியதாக வெட்டித் தருகிறார்கள். இலையும் இல்லை, சிவந்த முள்ளங்கியும் இல்லை; தொட்டுக்கொள்ள ஒரு காரச்சாறு மட்டும். ஆறிய கொழுப்பு வாயில் வழுக்காமல் மெதுவாகக் கரைவதும், பன்றிக்கறியின் மணம் மறைக்கப்படாமல் தெளிவாகத் தெரிவதும் இங்கேதான். போஸ்ஸாமில் காரம் மூடிவைத்திருந்த சுவை என்ன என்று அறிய விரும்புபவர் இதைக் கட்டாயம் சாப்பிட வேண்டும். ஒரு எச்சரிக்கை: இந்த வகைக் கடைகளில் சுயுக் (வேகவைத்த இறைச்சி) என்று கேட்டால் பெரும்பாலும் வருவது மாட்டிறைச்சி. பன்றி வேண்டுமென்றால் பில்தோங்கில் ஜேயுக் என்றும் உல்ஜியில் பியோன்யுக் என்றும் கேளுங்கள். சாதாரண உணவகங்களிலோ ஜேயுக் என்றதும் காரமாக வறுத்த பன்றிக்கறியைக் கொண்டுவந்துவிடுவார்கள். அது முற்றிலும் வேறு பண்டம்.

கோடையில் செல்லும் நண்பர்களுக்கு இந்தப் பகுதியை நீங்கள் எடுத்துச் சொல்லலாம். சிப்பி இல்லாத, முட்டைக்கோசும் சுவை குன்றிய மாதங்களில் ஜோங்னோ சந்துக் கடைகளைவிட நூடுல்ஸ் கடைகளே மேல். கங்வோன் மாநிலத்து மக்குக்சு என்னும் பக்வீட் நூடுல்ஸ் விற்கும் கடைகளிலும் வெந்த பன்றி இறைச்சி இணைபிரியாமல் கிடைக்கும். கிம்போ விமான நிலையத்துக்கு அருகில் பாங்ஹ்வா-தோங்கில் உள்ள கோசோங் மக்குக்சு அதற்குப் பெயர்பெற்றது. கிம்போ வழியாக ஜேஜு தீவுக்குச் செல்பவர்களுக்கு வழியிலேயே அமைந்த இடம்.

ஊரெங்கும் கிளை பரப்பிய தொடர்க்கடைகளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 1975-இல் சோங்கேசோன் பகுதியில் சிறு கடையாகத் தொடங்கிய வொன் ஹல்மொனியும், 1987-இல் சில்லிம்-தோங்கில் தொடங்கிய நொல்புவும் போஸ்ஸாமை வீட்டு வாசலுக்குக் கொண்டுசேர்த்த பெயர்கள். மோசமில்லை, கிம்ச்சியில் இனிப்பு எனக்குச் சற்று அதிகம். இரவு நேரங்கடந்து விடுதிக்குத் திரும்பிய நாளில் வரவழைத்துச் சாப்பிட அவை போதும், பயணத்தின் முக்கியமான வேளையை அவற்றுக்குக் கொடுக்க வேண்டாம். ஜாங்சுங்-தோங்கும் கோங்தொக் சந்தையும் ஜோக்பால் எனப்படும் பன்றிக்காலுக்குப் பெயர்பெற்றவை. அது சோயாச் சாற்றில் கருக வேகவைப்பது. உங்கள் நண்பர்கள் இரண்டையும் கேட்டால், பாதிப் பாதியாக ஒரே தட்டில் தரும் கடைகள் நகரெங்கும் உண்டு. இதே இறைச்சியை நொதித்த திருக்கைமீனோடும் பழுத்த கிம்ச்சியோடும் சேர்த்து உண்ணும் ஜொல்லா மாநிலத்து ஹொங்கோ சாம்ஹாப் சியோலிலும் கிடைக்கிறது. மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி அதற்கு உண்டு, ஆகவே முதல் பயணத்தில் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

விலையைப் பொறுத்தவரை, இரண்டு மூன்று பேருக்கான சிறிய தட்டுக்கு 30,000 வொன்னுக்கு மேல் ஆகும், சிப்பி சேர்ந்தால் இன்னும் கூடும். மதியச் சாப்பாடு பெரும்பாலும் 10,000 வொன்னை ஒட்டி அமையும். பெரிய தட்டை ஒரேயடியாக வாங்காமல் சிறியதை முதலில் வாங்கி, தேவையானால் பிறகு இன்னொன்று கேளுங்கள். இறைச்சி ஆறி உறைவதற்குள் சாப்பிட்டுவிட அதுவே வழி. இலையும் பூண்டும் தீர்ந்தால் மறுபடியும் தருவார்கள், அதற்குக் காசில்லை. ஆனால் போஸ்ஸாமுக்கென்று பிசைந்த முள்ளங்கிக் கிம்ச்சிக்குச் சில கடைகளில் தனிவிலை உண்டு என்பதால் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். குச்சிகளும் கரண்டியும் மேசையின் பக்கவாட்டு இழுப்பறையில் இருக்கும். டிப்ஸ் வைக்கும் வழக்கம் இல்லை. குடிப்பவர்களானால் சோஜு என்னும் கொரிய மதுவைவிட மக்கொல்லி என்னும் அரிசிக் கள் இந்த உணவுக்குப் பொருந்தும். அதன் மெல்லிய புளிப்பு கொழுப்பை வெட்டும். வழி தேடுவதற்கு நேவர் என்னும் கொரிய வரைபடச் செயலியைக் கைபேசியில் போட்டுக்கொள்ளுங்கள், சந்துக்குள் இருக்கும் கடைகளை அது சரியாகக் காட்டுகிறது.

உங்களோடு வருபவர்களில் எவருக்கேனும் இறால், சிப்பி ஒவ்வாமை இருந்தால் அதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சிப்பியை விலக்கி, இறைச்சி மட்டும் உள்ள தட்டை ஜோங்னோ சந்தின் கடைகளிலும் வாங்கலாம். ஆனால் சேவுஜோத் இறாலில் ஆனது, பெரும்பாலான கிம்ச்சிக் கலவைகளிலும் அது கலந்திருக்கும். ஆகவே கடும் ஒவ்வாமை உள்ளவர்கள் நேங்மியோன் கடையின் ஜேயுக்கையும் அதன் காரச்சாற்றில் இறால் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டும், அங்கேயும் பக்கக் கிம்ச்சியைத் தொடக் கூடாது. ஒவ்வாமை இல்லாதவர்களும், கல்லீரல் நோய் உள்ளவர்கள், கருவுற்றவர்கள், நோயெதிர்ப்பு குறைந்தவர்கள் என்றால் பச்சைச் சிப்பியைத் தவிர்க்க வேண்டும். குளிர்காலச் சிப்பிகள் வழியாக நோரோ வைரஸ் பரவுவது கொரியாவில் தெரிந்த விஷயம். மறுநாள் காலையில் முக்கியமான கூட்டமோ விமானமோ இருந்தால், நல்ல உடல்நிலையில் இருப்பவரும் சிப்பியை வேறொரு மாலைக்கு ஒத்திவைப்பதே நல்லது. பயணத் திட்டத்தில் ஜோங்னோ மாலையைக் கடைசி நாளுக்கு வைக்காமல் நடுவில் ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.